வீட்டில் கண்ணுக்கும் கைக்கும் வேலை இருந்தால் வாங்கிக் குவிப்பது குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடலோரத்தில், தொண்டியிலிருந்து சாயல்குடிப் பக்கம் வரை, மகளிர் குழுக்களிலும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களிலும் வீட்டுச் செலவைப் பற்றிப் பேசப் போவதுண்டு. கணக்கு நோட்டு, சீட்டு, தவணை என்று வழக்கமான பேச்சு முடிந்ததும் நான் வீட்டைப் பற்றி ஆரம்பிப்பேன். ஜன்னல் எந்தப் பக்கம், பகலில் எங்கே உட்காருகிறீர்கள், கை சும்மா இருக்கும்போது எதைத் தேடுகிறது என்று கேட்பேன். "செலவுக்கும் ஜன்னலுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று அங்கிருந்து கிளம்பும் கேள்விகளைத்தான் இங்கே பதிலோடு சேர்த்திருக்கிறேன்.

சரி, என்னதான் சம்பந்தம்?

மத்தியானம் மூன்று மணி என்று வைத்துக்கொள்வோம். தளம் போட்ட வீடு. வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையையும் இழுத்துவிட்டாயிற்று. மேலே மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. சாப்பாடு முடிந்தது, பாத்திரம் கழுவியாயிற்று, பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த அறையில் அசைகிற, நிறம் மாறுகிற, புதிதாக எதையாவது காட்டுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்: கையிலிருக்கும் போன். அதில் ஒரு சேலை வருகிறது. அடுத்து ஒரு டப்பா செட், அடுத்து காய் நறுக்கும் கருவி. எதையோ ஒன்றை விரல் அமுக்கிவிடுகிறது. கூடவே மிக்சர் டப்பாவும் பாதி காலி.

அந்த நேரத்தில் அவருக்குச் சேலை தேவைப்பட்டதா? பீரோவைத் திறந்தால் பதில் தெரிந்துவிடும். பசித்ததா? இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தார். கண்ணுக்கும் கைக்கும் வாய்க்கும் ஏதாவது நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புலன்கள் பட்டினி கிடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தீனி இரண்டு. ஒன்று தின்பது, இன்னொன்று வாங்குவது. வீட்டிலேயே அந்தப் பசிக்கு வேறு சாப்பாடு இருந்தால் இரண்டும் ஓரளவு குறையும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

எல்லாச் செலவையும் இதில் அடக்க முடியாது. கல்யாணச் சீர், பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்கும் ஃபிரிட்ஜ், ஆஸ்பத்திரிச் செலவு ஆகியவற்றுக்கும் ஜன்னலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சும்மா இருக்கும்போது சும்மா வாங்குவதையும் சும்மா தின்பதையும் பற்றித்தான் பேசுகிறேன்.

இதையெல்லாம் யாராவது ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோத்தி வில்சனும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒரு வெற்று அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். போன் கிடையாது, புத்தகம் கிடையாது. 15 நிமிடம் சும்மா யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு பொத்தானை அமுக்கித் தனக்குத் தானே ஷாக் கொடுத்துக்கொள்ளலாம். அந்த ஷாக்கை முன்னதாகவே கொடுத்துக் காட்டியபோது, இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று சொன்னவர்கள்தான் அவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். ஒன்றுமில்லாத அறையில் ஷாக்கே பொழுதுபோக்காகிவிடும் என்றால் மிக்சரும் சேலையும் எம்மாத்திரம்!

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதைத் தீனியோடு சேர்த்தே பார்த்தார்கள். ஒரு பக்கம் ஆவணப்படம். இன்னொரு பக்கம் ஒரே சிறு காட்சி திரும்பத் திரும்ப. சலிப்பான படம் ஓடியபோது, பக்கத்தில் வைத்திருந்த சாக்லேட் மிட்டாய் கூடுதலாகத் தீர்ந்தது. மிட்டாய்க்குப் பதில் ஷாக் பொத்தானை வைத்தால் அதையும் கூடுதலாக அமுக்கினார்கள். ருசிக்காக மட்டும் கை டப்பாவுக்குள் போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சுற்றுப்புறம் பற்றி எல்லோரும் எடுத்துக்காட்டுவது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, வயது முதலான விவரங்கள் ஒத்துப்போகிற 23 ஜோடிகளாகப் பிரித்தார். ஜோடியில் ஒருவருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரியும், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

அப்புறம் எலிகள். கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்ஸாண்டர் 1970களின் கடைசியில் எலிகளுக்கு ஒரு பூங்காவே கட்டினார். விசாலமான இடம், ஓட, ஒளிய, கடிக்கப் பொருட்கள், கூடப் பிற எலிகள். தனிக்கூண்டு எலிகள் மார்ஃபின் கலந்த இனிப்புத் தண்ணீரை விட்டுவைக்கவில்லை. பூங்கா எலிகள் மிகக் குறைவாகவே குடித்தன. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது எல்லா முறையும் அதே முடிவு வரவில்லை. இன்னொன்று, பூங்காவில் பொருட்கள் இருந்ததைவிடத் துணை இருந்ததுதான் வேலை செய்ததோ என்னவோ. நான் இந்த ஆய்வைச் சொல்லும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வேன். எலிக்கு நடந்தது அப்படியே ஏர்வாடியிலும் நடக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

புலனுக்கு வேலை என்றால் வீட்டை அலங்கரிப்பதா? அதுவும் செலவுதானே?

கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்தார். இந்த வழியில் கால் வழுக்கும் இடமே இதுதான். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோவுக்குச் செக்கச்செவேலென்று ஓர் அங்கி வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தால் பழைய நாற்காலி பல்லை இளித்தது, மேசை பல்லை இளித்தது. ஒவ்வொன்றாக மாற்றிக் கடைசியில் அறை முழுக்கப் புதிதாகி, கையில் காசு கரைந்ததைப் பற்றி அவரே 1769இல் எழுதி வைத்தார். கடைசியில் அவர் ஏங்கியது கழித்துப் போட்ட பழைய அங்கியை நினைத்துத்தான். நம் ஊரில் புது சோபா வந்த வீட்டில் அடுத்து திரைச்சீலை, அடுத்து டைல்ஸ், அடுத்து வால்பேப்பர் என்று போவது இதே கதைதான்.

எந்தப் பொருளும் வந்த புதிதில்தான் கண்ணில் படும். கொஞ்ச நாளில் அது சுவரோடு சுவராகிவிடும். சுவரில் மாட்டிய கடல் படம் நாளைக்கும் அதே படம்தான். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கடல் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வாடை திரும்பினால் வேறொன்று. அதனால் என் கணக்கு இது: தானாக மாறுகிற எதற்கும் வீட்டில் இடம் கொடுங்கள். வெளிச்சம், காற்று, செடி, குருவி, புளிக்கிற மாவு, கையில் வளர்கிற வேலை. மாறாத பொருளைக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவராதீர்கள். ஒரு விஷயத்தைக் கேட்டதும் 'இதற்கு என்ன வாங்க வேண்டும்?' என்று தோன்றினால், அது இந்தப் பேச்சில் சேர்த்தி இல்லை.

எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? உப்புக்காற்று, மணல், சீமைக்கருவேலம்!

சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மற்றபடி இந்தக் கடற்கரை புலனுக்கு ஏழ்மையான இடம் என்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. பாம்பன், மண்டபத்துக்காரர்களுக்கு அவை வடகடல், தென்கடல். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் இரையும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் அப்படியே தலைகீழ். கிழக்கிலிருந்து கொண்டல் வந்தால் மழை வாசமும் கூடவே வரும். தொழிலுக்குப் போகிற மனுஷர் விடியுமுன் வாசலில் நின்று, கன்னத்தில் காற்றுப் படுவதை வைத்தே கடலில் இறங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். அதே வீட்டுக்குள் இருப்பவர்களிடம் இன்றைக்கு எந்தக் காற்று என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஜன்னலைத் திறந்தால்தானே தெரியும்.

சத்தத்துக்குப் பனை இருக்கிறது. காற்று ஏறும்போது மட்டையும் ஓலையும் உரசுகிற அந்த இரைச்சலை மழை என்று நினைத்துக் கொடித்துணியை எடுக்க ஓடாதவர்கள் இங்கே குறைவு. வாசனைக்குப் புன்னை, தாழை. மணலில் படர்ந்து காலையில் ஊதாப் பூவாக விரிந்து கிடக்கும் அடம்பு. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் என்றாலே இந்த மூன்றும் வந்துவிடும்; நமக்கு அவை தெருமுனையில் கிடைக்கின்றன. குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கத்துச் சேற்றில் பூநாரைகள் வந்து இறங்கும். ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு ஜவுளிப் பார்சலின் டெலிவரிக் கட்டணத்தோடு போய்விடும்.

திண்ணையும் இல்லை, முற்றமும் இல்லை. கான்கிரீட் வீட்டில் என்ன செய்வது?

முற்றம் வைத்த பழைய வீடுகள் கீழக்கரைத் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. உள்ளே நுழைந்தாலே நடுவில் வானம் தெரியும். அதற்காக எல்லோரும் வீட்டை இடித்துக் கட்ட முடியாது.

நாற்காலியிலிருந்து ஆரம்பிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் எல்லா நாற்காலியும் டிவியைப் பார்த்தே போட்டிருக்கும். ஒன்றை மட்டும் ஜன்னலையோ வாசலையோ பார்த்துத் திருப்பிப் போடுங்கள். அடுத்தது, மேற்கு வெயில் தாக்கும் ஜன்னல். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறோம். சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. வெளிப்பக்கம் ஓலைத்தட்டியைச் சாய்த்துக் கட்டினால் சூடு வெளியிலேயே நின்றுவிடும், இடுக்கு வழியாக வெளிச்சமும் காற்றும் வரும், தரையில் ஓலை நிழல் அசைந்துகொண்டிருக்கும். திரையை இழுத்துவிட்டு இருட்டில் உட்காரவேண்டியதில்லை. மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்தால் ராத்திரி தளம் அனல் கக்குவதும் குறையும்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதும் உண்டு. பத்து மணிக்கு மேல் வெளிக்காற்று சூடு. விடியற்காலையிலும் சாயங்காலக் கடற்காற்று எழும்பிய பிறகும் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்துவிடுங்கள். கொசுவலை அடித்துக்கொண்டால் நல்லது.

காற்றுக்கு ஆடும் மணி வாங்கித் தொங்கவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். நம் உப்புக்காற்றுக்கு இரும்பு ஒரு வருஷம் தாங்குவதே பெரிது. அலங்காரம் பற்றிப் பேசும்போது சொன்னதுபோல, அதுவும் காசு கொடுத்துக் கொண்டுவரும் பொருள்தான்.

செடி வைத்தால் உப்புத் தண்ணீரில் கருகிவிடுகிறதே?

குடிக்கிற தண்ணீரையே குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்களில் ரோஜா வைக்கச் சொல்வது அநியாயம். நர்சரியில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து வாங்கி வந்து ஒரு மாதத்தில் தூக்கிப் போடுவதும் வீண்செலவுதான். இந்த மண்ணைத் தாங்குகிறதைத்தான் வைக்க வேண்டும். இடம் இருந்தால் வேம்பு, பூவரசு. தொட்டி என்றால் கற்றாழை, ஓமவல்லி, நித்தியகல்யாணி. ஓமவல்லி இலையைக் கிள்ளினால் கையெல்லாம் மணக்கும், சளிக்கும் ஆகும். நித்தியகல்யாணி கடலோர மணலில்கூடப் பூக்கும். வாயில் போட்டால் விஷம் என்பதால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் இரண்டு மூன்று தொட்டிக்குப் போதும். மழைக்காலத்தில் தொட்டியை வெளியே வைத்தால் மண்ணில் ஏறிய உப்பும் கழுவிக்கொண்டு போகும்.

கைக்கு வேலை என்றால் என்ன மாதிரி?

நம் பக்கத்தில் பதில் ரெடியாக இருக்கிறது: ஓலை முடைவது. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உருவிவிட்டு, ஒரே அகலத்தில் கிழித்து வைத்துக்கொள்வார்கள். முடைவதற்கு முன் தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். காய்ந்த ஓலை ஒடியும்; ஈரம் ஏறிய ஓலை விரல் சொன்னபடி மடியும், அப்போது அதிலிருந்து பச்சைக்கும் வைக்கோலுக்கும் நடுவே ஒரு வாசம் வரும். அடிப்பாகம் சும்மா போய்விடும். பெட்டி மேலே எழும்ப மூலை திருப்பும் இடத்தில்தான் கண், கை, மூச்சு எல்லாம் ஒரே இடத்துக்கு வரும். பழகினவர்கள் அங்கேகூடப் பேச்சை நிறுத்தாமல் முடைவார்கள். புதிதாகக் கற்பவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்க முடியாது. இரண்டு கையும் ஓலையில் மாட்டியிருக்கிறது. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

தானே செய்த பொருளை மனுஷர் சீக்கிரம் தூக்கி எறிவதில்லை. தாங்களே பூட்டிச் சேர்த்த பெட்டிக்கும் காகிதத்தில் மடித்த கொக்குக்கும் ஆட்கள் கூடுதல் மதிப்புப் போடுவதை மைக்கேல் நார்ட்டன் உள்ளிட்ட மூவர் 2012இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். ஓலைப்பெட்டி முடைந்தவர் வீட்டில் பிளாஸ்டிக் டப்பா செட் அவ்வளவு சுலபமாக உள்ளே வராது.

ஓலை வரவில்லையா? வலை பழுது பார்க்கலாம், பூக் கட்டலாம், கிழிந்த சேலையில் கால்மிதி தைக்கலாம். எம்பிராய்டரி கிட், பெயிண்டிங் கிட் என்று வாங்கி அடுக்குவதை மட்டும் கைவேலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இது எப்படி உதவும்?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. வீட்டில் பலவிதம் நல்லது, தட்டில் பலவிதம் ஆபத்து. ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் ருசி மட்டும் சலித்துவிடும், வேறொன்றைக் கண்டால் பசி மறுபடி கிளம்பும். 1980களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸ் முதலானோர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிரியாணிக்குப் பிறகு வயிற்றில் இடமில்லை என்றவர் தொதல் இனிப்பைக் கண்டதும் ஒரு துண்டு எடுப்பதற்குக் காரணம் இதுதான். பத்து வகை நொறுக்குத் தீனி வாங்கி அடுக்கினால் பத்தும் தீரும்.

பண்டம் ஒன்றாக இருந்து, அதைத் தின்பதில் வேலை நிறைய இருந்தால் அளவு தானாகக் குறையும். பனங்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்ததைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டு, நாரைக் கிழித்து இழுத்து, துண்டு துண்டாக ஒடித்து மெல்ல வேண்டும். ஒரு கிழங்கு தின்று முடிப்பதற்குள் சிப்ஸ் என்றால் இரண்டு பாக்கெட் உள்ளே போயிருக்கும். மெல்லக் குறைவாக இருக்கும் பண்டத்தை வேகமாகத் தின்கிறோம், வேகமாகத் தின்றால் கூடுதலாகத் தின்கிறோம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைப் பண்டங்கள், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று வேண்டிய மட்டும் சாப்பிடக் கொடுத்தார்கள். ஆலைப் பண்டம் கொடுத்த நாட்களில் ஆளுக்குத் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. தின்ற வேகமும் கூடியிருந்தது.

டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை நிறுத்துவது இன்னொரு வழி. அப்படிச் சாப்பிட்டால் அந்த வேளையும் கூடும், என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் நிற்காததால் அடுத்த வேளையும் கூடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று அப்படித்தான் சொல்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் அரைத்துவிட்ட மீன் குழம்பு, அதிலும் முள் எடுத்துச் சாப்பிட வேண்டிய மீன் என்றால் கவனம் வேறெங்கும் போகாது. போனால் தொண்டையில் தெரியும். சின்னத் தட்டு வைத்தால் போதும் என்ற யோசனையை நான் பெரிதாக நம்புவதில்லை. தட்டு, கிண்ணம் அளவு பற்றிப் பிரபலமாக எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரைகள் பல பின்னால் திரும்பப் பெறப்பட்டன.

வீட்டில் கருவாட்டு வாடை. ரூம் ஸ்பிரே இல்லாமல் முடியுமா?

மூக்குக்கு எந்த வாசமும் சில நிமிடத்தில் பழகிவிடும், நல்லதும் சரி, கெட்டதும் சரி. அதனால்தான் ஸ்பிரே வாங்கியவர்கள் அடுத்தது இன்னும் தூக்கலாகத் தேடுகிறார்கள். கருவாட்டை மூடி போட்ட பானையில் வைத்து, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். வாரத்தில் ஒருநாள் சாம்பிராணி. தினமும் போட்டால் அதுவும் தெரியாமல் போய்விடும். வந்தவர்களுக்கு வீசுமே என்றால், இந்த ஊரில் வருகிறவர் வீட்டிலும் கருவாடுதான்.

கரையில் கிடக்கும் சங்கு, பவளப்பாறைத் துண்டை எடுத்து வைக்கலாமா?

பவளப்பாறையைத் தொடவே வேண்டாம். 2001லிருந்து பவளப்பாறைகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாப்பு உண்டு. சில சங்கு வகைகளுக்கும் தடை இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடற்கரைக்குப் போங்கள், பாருங்கள், தொட்டுப் பார்க்க வேண்டுமானால் மணல் இருக்கிறது.

நாள் முழுக்க டிவியும் பாட்டும் ஓடுகிறது. அதுவும் புலனுக்கு வேலைதானே?

வேலைதான், ஆனால் இழுத்துப் பிடிக்கிற வேலை. ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் என்ற இரு உளவியலாளர்கள் கவனத்தைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். அலை, இலை, மேகம் போன்றவை கவனத்தை மெல்ல இழுக்கும், கூடவே மனசு வேறு யோசனைக்குப் போகவும் இடம் விடும். அதில் களைப்பு ஆறும். டிவியும் ரீல்ஸும் அப்படி விடுவதில்லை. அதோடு, அவை இடையிடையே எதையாவது விற்கின்றன. வேப்பமரம் எதையும் விற்பதில்லை.

சத்தம் அதிகமானால் தாங்காத பிள்ளைகள், பெரியவர்கள் உண்டு. அவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு மூலையாவது அமைதியாக இருக்கட்டும். எல்லாப் புலனுக்கும் ஒரே நேரத்தில் தீனி போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் பொம்மை கேட்டு அழுகிறார்களே?

அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு முறை 4 பொம்மையும் இன்னொரு முறை 16 பொம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு: 4 கொடுத்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதமாக விளையாடினார்கள். இருப்பதில் பாதியைக் கட்டி பரண் மேல் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்குங்கள். மணல், தண்ணீர், பனங்காய் வண்டி இவற்றுக்கு ஈடாக எந்தக் கடையிலும் ஒன்றும் கிடையாது. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு சொம்பு தண்ணீர் போதும், அரை மணி நேரம் ஓடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஆம்பிளைகள் வீட்டில் இருக்கும்போதுதான் செலவு கூடுகிறது. என்ன செய்ய?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வரவு இல்லை, வெயில் உச்சத்தில் இருக்கிறது. தினமும் காற்று, நீரோட்டம், நட்சத்திரம், வலையின் கனம் என்று உடம்பு முழுக்க வேலை கொடுத்துப் பழகியவரைச் சிமெண்ட் ஷீட் போட்ட அறைக்குள் உட்கார வைத்தால் போன், சீட்டாட்டம், குடி என்று போவதில் ஆச்சரியம் இல்லை. அவரைக் குறை சொல்வதைவிட இடத்தை மாற்றிப் பார்க்கலாம். வலை பின்னும் வேலையை வீட்டு மூலையில் தனியாகச் செய்யாமல், நாலு பேர் சேர்ந்து பூவரச நிழலில் செய்யட்டும். எலிப்பூங்கா பற்றிச் சொன்னபோது துணைதான் வேலை செய்ததோ என்று சந்தேகப்பட்டேன் அல்லவா? இங்கே அது சந்தேகமே இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் சபுரிலிருந்து (வெளிநாட்டு வேலையிலிருந்து) வரும்போதெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

சொல்ல வேண்டாம். பெட்டியில் வருவது பொருள் மட்டுமா? இரண்டு வருஷப் பாசமும் சேர்ந்துதான் வருகிறது. அடுத்த முறை போனில் கேட்கும்போது 'என்ன வேணும்?' என்பதற்குப் பதிலைக் கொஞ்சம் மாற்றுங்கள். வந்ததும் சேர்ந்து எங்கே போகலாம், என்ன சமைக்கலாம் என்று பட்டியல் போடுங்கள். சென்ட் பாட்டில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். வரட்டும்.

இது யாருக்குப் பலிக்காது?

கடன் வாங்கியாவது வாங்கியே தீர வேண்டும் என்கிறவர்கள், வாங்கியதை வீட்டாரிடம் மறைப்பவர்கள், தின்றுவிட்டு வாந்தி எடுப்பவர்கள், குடியை விட முடியாதவர்கள். இவர்களுக்கு ஓலைத்தட்டியும் ஓமவல்லியும் மருந்து ஆகாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம். வீட்டுச் சூழல் அதற்குப் பக்கத்துணையாக இருந்தால் இருக்கட்டும்.

சரி, நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றால்?

முதலில் எதையும் மாற்றாதீர்கள். தேவையில்லாமல் ஒன்றை வாங்கினாலோ பசிக்காமல் தின்றாலோ, தேதித்தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், கை அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது. ஒரு மாதத் தாள் சேர்ந்ததும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே இடம், ஒரே நேரம் திரும்பத் திரும்ப வரும். பல பெண்களுக்கு அது கட்டில் ஓரத்துச் சார்ஜர் பக்கம். சார்ஜரைச் சமையலறைக்குக் கொண்டுபோங்கள், அந்த நேரத்துக்கு வெளியே பார்த்த நாற்காலியில் ஒரு கைவேலையை எடுத்து வையுங்கள். அடுத்த மாதத் தாளையும் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் நாற்காலி இருக்கும் இடம் சரியில்லையோ என்னவோ, வேறு ஜன்னலுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.